குடற்புழுத் தொற்று: மாத்திரைக்குப் பின்னும் தொடர வேண்டிய பாதுகாப்பு

மண்ணின் வழியாகப் பரவும் புழுக்கள் மனிதக் குடலில் தங்கி வாழ்வதே குடற்புழுத் தொற்றாகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 150 கோடி பேர் இத்தொற்றுக்கு ஆளாகியுள்ளனர். கழிப்பறையும் தூய குடிநீரும் போதிய அளவில் இல்லாத பகுதிகளில் வாழும் குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

எவ்வாறு பரவுகிறது?

உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் முக்கியமானவை. ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். தொற்றுள்ளவரின் மலத்துடன் வெளியேறும் முட்டைகள், ஈர மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்த பின்னரே தொற்றும் திறனைப் பெறுகின்றன. பின்னர் கழுவாத கைகள், காய்கறிகள், அசுத்தமான நீர் ஆகியவற்றின் மூலம் வாயை அடைகின்றன. சாட்டைப்புழுவும் இவ்வாறே பரவுகிறது. கொக்கிப்புழுவின் முட்டைகளோ மண்ணிலேயே பொரிந்துவிடுகின்றன. அவற்றின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகின்றன.

இம்மூன்று வகைப் புழுக்களும் மனித உடலுக்குள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை. குழந்தையின் குடலிலுள்ள ஒவ்வொரு புழுவும் வெளியிலிருந்து தனித்தனியே நுழைந்ததாகும். எனவே, இனிப்பு உண்பதால் வயிற்றில் பூச்சி உண்டாகும் என்ற நம்பிக்கை சரியன்று.

பாதிப்புகள்

புழுக்கள் குறைவாக இருப்பின் அறிகுறிகள் தென்படாமல் இருக்கலாம். மிகுந்தால் வயிற்றுவலி, பசியின்மை, வளர்ச்சிக் குறைவு ஆகியவை தோன்றும். கொக்கிப்புழுக்கள் குடற்சுவரைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவதால் இரத்தசோகை ஏற்படுகிறது. அதனால் சோர்ந்து, பாடத்தில் கவனம் செலுத்த இயலாத குழந்தையைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளுதல் கூடாது.

குடற்புழு நீக்க மாத்திரை

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி, 1 முதல் 19 வயதினருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது.

• 1 முதல் 2 வயது வரை: அரை மாத்திரை (200 மி.கி.), பொடித்து நீரில் கலந்து.
• 2 வயதுக்கு மேல்: ஒரு மாத்திரை (400 மி.கி.), நன்கு மென்று. சிறு குழந்தைகளுக்குப் பொடித்துக் கொடுக்கவும்.
• அன்று உடல்நலம் குன்றிய குழந்தைகளுக்கு, குணமடைந்த பின்னரே கொடுக்க வேண்டும்.

சிலருக்கு இலேசான வயிற்றுவலி அல்லது குமட்டல் ஏற்படலாம். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நீடித்தால் மருத்துவரை அணுகவும்.

செங்கல் சூளைகளிலும் கட்டுமானப் பணியிடங்களிலும் பெற்றோருடன் தங்கியிருக்கும், பள்ளி செல்லாத குழந்தைகள் விடுபட்டுவிடக் கூடும். அவர்களும் அருகிலுள்ள அங்கன்வாடி மையத்தில் மாத்திரை பெறலாம். அத்தகைய குழந்தைகளை அறிந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவியுங்கள்.

மீண்டும் தொற்றாதிருக்க

மாத்திரை குடலில் உள்ள புழுக்களை மட்டுமே நீக்கும்; மறுதொற்றைத் தடுக்காது. மண் அசுத்தமாகவே இருப்பின், சில மாதங்களில் புழுக்கள் மீண்டும் சேரும். ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கவும்:

• அனைவரும் கழிப்பறையையே பயன்படுத்துதல். கைக்குழந்தையின் மலத்தையும் கழிப்பறையிலேயே அகற்றுதல்.
• உண்பதற்கு முன்பும் மலம் கழித்த பின்பும் சோப்பினால் கை கழுவுதல்.
• வெளியில் செல்லும்போது காலணி அணிதல், நகங்களை வெட்டுதல்.
• காய்கறி, பழங்களைத் தூய நீரில் கழுவுதல். கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பருகுதல்.

ஒரு வீட்டார் திறந்தவெளியில் மலம் கழித்தால், அம்மண்ணில் விளையாடும் பிற வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்று பரவும். ஆதலால் இது தெருவில் உள்ள அனைவரும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமையாகும்.