ஷியர் பாக்ஸை லேப்டாப்ல ஓட்டினா மண்ணு புரியுமா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுற ரோடு தெரியும்ல? 17 கொண்டை ஊசி வளைவு. மழை வலுத்தா மண்ணும் பாறையும் சரிஞ்சு ரோட்டை மறிக்கும், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பெல்லாம் வரிசையா நிக்கும். அந்தச் சரிவு எவ்வளவு தாங்கும்னு நாளைக்குக் கணக்குப் போடப் போறவங்க, இன்னைக்கு சாயில் மெக்கானிக்ஸ் லேப்ல நிக்கிற சிவில் பசங்கதான்.

அங்க ஷியர் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கும். 60 மில்லிமீட்டர் சதுரப் பெட்டி, நடுவுல ரெண்டா பிரியும். மேல எடை வச்சு, ஒரு பாதியைப் பக்கவாட்டுல தள்ளி, மண்ணு எந்த விசையில அறுபடுதுன்னு பார்க்கணும். எடையை மாத்தி மூணு தடவையாவது செஞ்சு கிராஃப் போட்டா, மண்ணோட ஒட்டுத்தன்மையும் உராய்வுக் கோணமும் கிடைக்கும். நடைமுறையில? ஒரு மெஷின், சுத்தி பத்து பேர். ரெண்டு பேர் டயல் பார்ப்பாங்க, மீதிப் பேர் ரீடிங்கைக் காப்பி அடிப்பாங்க.

இங்கதான் சாஃப்ட்வேர் உதவும். மத்திய கல்வித்துறையோட விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில சாயில் மெக்கானிக்ஸுக்கும் பரிசோதனைகள் இருக்கு, இலவசம். ஆனா படியை வரிசையா கிளிக் பண்ண வைக்கிறது பெரிய விஷயம் இல்ல. 'மழை பெஞ்சா என்ன ஆகும்'னு மாத்திப் பார்க்க விடணும்.

ஒரு கணக்கு. ஒட்டுத்தன்மை 5 கிலோபாஸ்கல், கோணம் 30 டிகிரி, மேலிருந்து அழுத்தம் 50 கிலோபாஸ்கல்னு வைங்க. மண்ணோட வலிமை சுமார் 34. மழைத்தண்ணி இறங்கி மண்துளைகள்ல 20 கிலோபாஸ்கல் நீரழுத்தம் ஏறினா, மண் துகள்களை அமுக்குறது 30தான். வலிமை 22 ஆகிடும். மூணுல ஒரு பங்கு காலி! சாதாரண ஷியர் பாக்ஸ்ல இந்த நீரழுத்தத்தை அளக்க முடியாது. டிரையாக்சியல் மெஷின்ல முடியும், ஆனா களிமண்ணுன்னா ஒரு டெஸ்டுக்கே நாள்கணக்கு ஆகலாம். ஸ்கிரீன்ல ஒரு ஸ்லைடரை நகர்த்தினா போதும்.

சிமுலேட்டர் எழுதுறவங்ககிட்ட எனக்கு ஒரு சண்டை இருக்கு. மூணு புள்ளியும் கோட்டுல கச்சிதமா உக்காரும். நிஜ மண்ணு அப்படி உக்காராது. கொஞ்சம் இரைச்சல் சேருங்க, ஒரு புள்ளியை வேணும்னே கெடுத்து வைங்க. அதைத் தூக்கிப் போடலாமா, டெஸ்டைத் திரும்பச் செய்யணுமான்னு பசங்க முடிவு பண்ணட்டும்.

அப்புறம் நிஜ லேபுக்கும் போகணும். இந்தச் சின்னப் பெட்டிக்கு 4.75 மில்லிமீட்டர் சல்லடையில இறங்குற மண்ணுதான் சரிப்படும். போடிமெட்டுச் சரிவுல மண்ணோட கல்லும் கலந்து கிடக்கு. கல்லைச் சலிச்சு எடுத்துட்டு வந்த நம்பரை அந்த மலைக்கு அப்படியே போடலாமா? இந்தக் கேள்வி சல்லடையைக் கையில பிடிக்கிறப்போதான் வரும்.