மெரினா மணல் எங்கிருந்து வந்தது?

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ள ஊர் சாணார்பட்டி. பார்க்கும் பக்கமெல்லாம் நிலம். ஒரு புறம் சிறுமலை. இத்தகைய உள்நாட்டு ஊர்களின் பள்ளிகளில் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தவுடன், "சார், கடல் பார்க்கப் போவோமா?" என்று ஒரு குரல் எழாமல் இராது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை மெரினாவில் இறங்குகிற மாணவர்கள், அலையைக் கண்டதும் ஓடுவார்கள். அலைக்கும் சாலைக்கும் நடுவே மணல், மணல், மணல்! சராசரியாக 300 மீட்டர் அகலம். நடந்து நடந்து கால் வலிக்கும்.

இவ்வளவு மணல் இங்கே எப்படி வந்தது? "கடற்கரை என்றால் மணல் இருக்கத்தானே செய்யும்!" என்று சொல்லிவிடலாம். ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன் இந்த அகன்ற கடற்கரை இங்கே இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையின் சுவருக்கு அருகிலேயே அலை மோதுவதைப் பழைய ஓவியங்கள் காட்டுகின்றன. அப்படியானால் கடல் ஏன் பின்வாங்கியது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

காற்று வாங்கப் போன ஆங்கிலேயர்

நம் நாட்டில் கடற்கரைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனார்கள், கப்பலேறப் போனார்கள், அமாவாசையில் நீராடப் போனார்கள். உடல்நலத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கடற்கரை நகரத்தில் சில நாள் தங்கிவரும் வழக்கத்தை 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து பரப்பியது. அதற்கு ஒரு வைத்தியரும் காரணம். ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற அவர் 1750-ல் லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். கடல்நீரில் குளித்தால் சுரப்பி நோய்கள் நீங்கும் என்றார். அத்தோடு விட்டாரா? கடல்நீரைக் குடிக்கவும் சொன்னார்! ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் உடலிலுள்ள நல்ல நீரையும் செலவழிக்க வேண்டியிருக்கும். தாகம் தீராது, கூடும். இன்றைய மருத்துவம் அந்த யோசனையை ஏற்பதில்லை.

ஆனால் ரஸ்ஸல் வைத்தியம் பார்த்த பிரைட்டன் என்ற சிற்றூர் பெயர்பெற்ற நகரமாயிற்று. 1841-ல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்ததும் சாதாரண மக்களும் விடுமுறை நாளில் கடலைப் பார்க்க வந்தார்கள். கரையோரமாக உலாவும் சாலை, கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம், வரிசையாக விடுதிகள் என்று ஆங்கிலக் கடற்கரை நகரங்களுக்கு ஒரு பொது அமைப்பு உருவாகியது.

அந்த நாட்டிலிருந்து வந்து சென்னையில் கவர்னராக இருந்தவர்களில் ஒருவர் கிராண்ட் டஃப். 1881 முதல் 1886 வரை பதவியில் இருந்தார். கடலோரமாக உலாவும் சாலை ஒன்றை அமைத்து, 1884-ல் அதற்கு 'மெரினா' என்று பெயரிட்டார். இத்தாலியின் சிசிலித் தீவில் தாம் கண்ட இடத்தின் நினைவாக வைத்த பெயர் அது. சாலையைப் போட்டவர் அவர். மணலைப் பரப்பியது யார்?

துறைமுகம் கட்டியபோது

சென்னையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் மனிதரையும் மசூலா படகுகள் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும். பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த படகு அது; ஆணி கிடையாது. அதனால் அலை மோதினால் நெகிழ்ந்து கொடுக்கும். ஆயினும் படகு கவிழ்ந்து உயிரும் சரக்கும் போவதுண்டு.

எனவே 1876-ல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு பெரிய அலைதடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். வேலை முடியும் தறுவாயில் 1881-ஆம் ஆண்டுப் புயல் அதன் பெரும்பகுதியை இடித்தது. மறுபடியும் கட்டினார்கள். சுவர்கள் நின்றன. அதன்பின் யாரும் அழைக்காத ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது; மணல்!

தெற்குச் சுவரின் ஓரமாக மணல் குவிந்துகொண்டே போனது. கடல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விலகியது. துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தது. கிழக்கு நோக்கியிருந்த அந்த வாயிலை அடைத்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்குப் பக்கம் புதிய வாயில் அமைக்க வேண்டியதாயிற்று.

மணல் நடக்கும் விதம்

அலை கரைக்கு நேராக வருவது குறைவு. காற்றின் திசைக்கு ஏற்பச் சாய்வாக வருகிறது. சாய்வாக ஏறும் அலை, மணல் துகள்களையும் சாய்வாக மேலே தள்ளுகிறது. ஆனால் திரும்பும் நீர், சரிவின் வழியே நேராகக் கீழே இறங்குகிறது. ஆகவே துகள் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதில்லை. சற்றுத் தள்ளிப் போய் நிற்கிறது. அடுத்த அலை இன்னும் சற்றுத் தள்ளுகிறது. ரம்பத்தின் பற்களைப் போல ஏறியும் இறங்கியும் மணல் கரையோரமாகப் பயணம் செய்கிறது. அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமும் அதை இழுத்துச் செல்கிறது. இதற்குக் கரையோர மணல் நகர்வு என்று பெயர்.

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வருகின்றன. அப்போது மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் திசை மாறித் தெற்கே வருகிறது. போனதையும் வந்ததையும் கணக்குப் பார்த்தால், ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போயிருக்கும். கடற்கரை ஓரமாக ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்றே சொல்லலாம். அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணைதான் துறைமுகச் சுவர். அணைக்குத் தெற்கே தேங்கிய மணலே இன்றைய மெரினாவின் அகலம்.

ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு

அணை கட்டினால் கீழே உள்ள வயலுக்கு நீர் குறையும் அல்லவா? மணல் ஆற்றுக்கும் அதே கணக்குத்தான். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கரைக்குத் தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அங்கிருந்து வடக்கே போகும் மணல் போய்க்கொண்டே இருந்தது. வரவு இல்லை, செலவு உண்டு. முதல் கரைந்தது. நூறு ஆண்டுகளில் கடல் பல நூறு மீட்டர் உள்ளே வந்துவிட்டது. வீடுகளும் தெருக்களும் போயின. கட்டுமரத்தை இழுத்து ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும் இருந்த மணல் திட்டு போயிற்று. இன்று அந்தக் கரையோரம் நெடுகிலும் கருங்கற்களைக் கொட்டி வைத்திருப்பதைக் காணலாம். மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்காரும் மணலில் ஒரு பகுதி, வடசென்னை மீனவர் குடியிருப்புகளின் வாசலுக்குப் போயிருக்க வேண்டிய மணல்!

புதுச்சேரியிலும் இதே கதை நடந்தது. 1980-களின் இறுதியில் அங்கே துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. அவற்றுக்கு வடக்கே இருந்த நகரக் கடற்கரை மறைந்து, உலாவும் சாலையின் ஓரத்தில் கல்லும் அலையும் மட்டுமே மிஞ்சின. 2018-ல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள், நீருக்கடியில் எஃகினாலான ஆப்பு வடிவ அமைப்பு ஒன்றை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். அதன் மறைவில் மணல் மீண்டும் தங்கியது.

கூழாங்கல்லை இழந்த கிராமம்

ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலும் இந்தப் பாடத்தைக் கற்க விலை கொடுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் ஹால்சாண்ட்ஸ் என்ற மீனவ கிராமம் இருந்தது. வீடுகளுக்கு முன்னால் கூழாங்கற்கள் நிறைந்த அகன்ற கரை. பிளிமத் நகரில் கடற்படைத் தளத்தை விரிவாக்க ஜல்லி தேவைப்பட்டது. 1897 முதல் இந்தக் கரைக்கு எதிரே கடலடியிலிருந்து கூழாங்கற்களை அள்ளினார்கள். ஆறு லட்சம் டன்னுக்கு மேல் எடுத்தார்கள். "எடுத்ததைக் கடல் திரும்பக் கொண்டுவந்து போடும்" என்பது அவர்கள் எண்ணம்.

கடல் கொண்டுவரவில்லை. அந்தக் கற்கள் பழைய காலத்தில், பனியுகத்தின் முடிவில் கடல்மட்டம் உயர்ந்தபோது ஒதுங்கியவை. புதிதாக வந்து சேர வழி இல்லை. கரை ஆள் உயரத்துக்கும் மேல் தாழ்ந்தது. கிராமத்தார் முறையிட்டதன்பேரில் 1902-ல் அள்ளுவதை நிறுத்தினார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1917 ஜனவரி 26 அன்று புயலும் உயர் ஓதமும் ஒன்றாக வந்தன. கிராமத்தில் இருந்த 37 வீடுகளில் குடியிருக்கத் தகுந்ததாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இன்றும் பயணிகள் அங்கே போய், பாறைமீது நிற்கும் இடிந்த சுவர்களைப் பார்த்து வருகிறார்கள்.

போர்ன்மத் என்ற ஆங்கிலக் கடற்கரை நகரின் அனுபவம் வேறு மாதிரி. அங்கே கரைக்குப் பின்னால் மணற்குன்றுச் சரிவுகள் உண்டு. அவை இடிந்து விழாதபடி கடற்சுவரும் உலாவும் சாலையும் கட்டினார்கள். குன்று பிழைத்தது, கடற்கரை மெலிந்தது! இடிந்து விழுந்த குன்றுதான் அதுவரை கரைக்கு மணல் கொடுத்து வந்தது. பிறகு 1970-களில் வேறு இடத்து மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கரையை நிரப்ப வேண்டியதாயிற்று.

சாணார்பட்டிக்கு இதில் என்ன பங்கு?

கடற்கரை மணலுக்கு முதல் ஊற்று மலைகள்தாம். வெயிலும் மழையும் கருங்கல் பாறையை உடைக்கின்றன. பாறையில் உள்ள மென்மையான கனிமங்கள் களிமண்ணாக மாறிவிடும்; உறுதியான குவார்ட்ஸ் மட்டும் மணலாகத் தங்கும். மழைக்காலத்தில் ஓடைகள் அதை உருட்டிக்கொண்டு போகின்றன. சிறுமலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழையில் ஒரு பகுதி குடகனாற்றில் சேர்கிறது. குடகனாறு அமராவதியிலும், அமராவதி காவிரியிலும், காவிரி பூம்புகார் அருகே வங்கக் கடலிலும் கலக்கின்றன. ஆக, திண்டுக்கல் சீமையின் ஓடை மணலுக்கும் கடலுக்குப் போகும் பாதை ஒன்று உண்டு. பல ஆண்டுகள் பிடிக்கும் நெடும் பயணம் அது!

அந்தப் பயணம் இப்போது பல இடங்களில் தடைப்படுகிறது. அணைக்கட்டுகள் நீரோடு வண்டலையும் மணலையும் தேக்குகின்றன. ஆற்றுப் படுகையிலிருந்து லாரி லாரியாக மணல் எடுக்கப்படுகிறது. கட்டடத்துக்கு மணல் வேண்டும். பாசனத்துக்கு அணை வேண்டும். வாணிபத்துக்குத் துறைமுகம் வேண்டும். எதையும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அதை எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கரையோரக் குடும்பம் கொடுக்கிறது. 1990 முதல் 2018 வரை நம் நாட்டின் கடற்கரையைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதைக் கண்டது.

'தூண்டில் வளைவு' என்று நம் மீனவர்கள் அழைக்கும் கற்சுவர்களைக் கட்டினால் அந்த ஊருக்கு மணல் தங்கும். ஆனால் நகர்வின் திசையில் உள்ள அடுத்த ஊருக்கு அரிப்பு போய்ச் சேரும். இதனால் பொறியியலார் சில இடங்களில் வேறு முறையைக் கையாள்கிறார்கள். சுவரின் ஒரு பக்கம் சேர்ந்த மணலை எந்திரத்தால் இறைத்து மறுபக்கம் கொட்டுகிறார்கள். செலவு அதிகம்தான், ஆனால் மணல் ஆறு தொடர்ந்து ஓடுகிறது.

செய்து பாருங்கள்

1. அகன்ற தட்டு ஒன்றின் நீண்ட பக்கத்தில் மணலைச் சரிவாகப் பரப்புங்கள். எஞ்சிய பகுதியில் நீர் ஊற்றுங்கள். மணலின் விளிம்பில் ஓரிடத்தில் சிறிது செங்கல் தூளைத் தூவுங்கள். எதிர்மூலையில் அடிக்கோலைச் சாய்வாகப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து அலை எழுப்புங்கள். செங்கல் தூள் எந்தப் பக்கம் நகர்கிறது? இப்போது அது போகும் வழியில் ஒரு குச்சியைக் குறுக்கே நட்டு, மறுபடியும் அலை எழுப்புங்கள். குச்சியின் இரு பக்கமும் கரை எப்படி மாறுகிறது என்று படம் வரையுங்கள்.

2. சுற்றுலாவில் கடற்கரைக்குப் போகும்போது ஆசிரியரின் துணையோடு, நீரில் இறங்காமல், ஒரு தேங்காய் மட்டைத் துண்டை அலை ஏறி இறங்கும் இடத்தில் எறியுங்கள். ஐந்து நிமிடத்தில் அது கரையோரமாக எத்தனை அடி, எந்தத் திசையில் நகர்ந்தது என்று எண்ணுங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் போன வகுப்பும் டிசம்பரில் போன வகுப்பும் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தால் பருவக்காற்றின் கைவரிசை தெரியும்.

3. ஒரு பிடி கடற்கரை மணலையும் ஒரு பிடி ஓடை மணலையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எதன் துகள்கள் உருண்டிருக்கின்றன? எதில் முனைகள் கூராக உள்ளன? அதிக தூரம் பயணம் செய்த மணல் எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மெரினாவுக்குப் போகும் மாணவர்கள், நேரம் கிடைத்தால் துறைமுகத்துக்கு வடக்கே காசிமேடு வரையும் போய்வாருங்கள். அகன்ற மணல்வெளியையும் கருங்கல் குவியலையும் ஒரே நாளில் பாருங்கள். இரண்டையும் உண்டாக்கியது அதே சுவர்தான். ஒரு கரையில் கூடிய மணலை மட்டும் அளந்தால் பாதிக் கணக்குத்தான் ஆகும். அடுத்த கரையில் குறைந்ததையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முடியும்.