தொட்டியின் மூடி

வித்துராவில் மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் ஆஷா ஊழியரான ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிடுவார். "சாரே, வீட்டில் யாருக்காவது பனி உண்டோ?" என்பார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பிறகு ரப்பர் மரத்துப் பால் சிரட்டைகளைக் கவிழ்க்கச் சொல்வார். தேங்கிய மழைநீரில் டெங்குக் கொசு முட்டையிடும். "ஒரு சிரட்டைத் தண்ணீருக்கு இத்தனை பாடா?" என்று என் மனைவி முணுமுணுப்பாள். நான் வாய் திறப்பதில்லை. ரயில்வேயில் நான் உத்தியோகம் பார்த்த பம்பாய்தான் காரணம்.

மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அதன்பின் சில ஆண்டுகளில் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் மலேரியா பெருகியது. வயலும் சதுப்பும் இல்லாத, மாடி வீடுகள் நெருங்கிய இடத்தில் கொசு எங்கிருந்து வந்தது? டாக்டர் சார்லஸ் பென்ட்லி தேடிப் புறப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மலேரியா அடிக்கடி கண்டால் அது வீங்கும். தண்ணீர் நிற்கும் இடங்களையும் சோதித்தார். 1911-இல் வந்த அவரது அறிக்கை சாக்கடையை அல்ல, வீட்டுக் கிணற்றைக் காட்டியது! அனோஃபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு சுத்தமான தண்ணீரில் வளர்வது.

கிணறுகளை மூடச் சொன்னதும் எதிர்ப்பு எழுந்தது. பார்சிகளுக்கும் இந்துக்களுக்கும் கிணற்று நீர் வழிபாட்டுக்கு உரியது. சர்ச்கேட் அருகே 1725-இல் வெட்டிய பீக்கா பெஹ்ராம் கிணற்றை இன்றும் பார்சிகள் வணங்குகிறார்கள். அவர்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது.

எனக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. 1990-களில் என் பொறுப்பில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்தது. கொசு ஒழிப்பு ஆய்வாளர் ஏணி வைத்து ஏறிப் பார்த்து எச்சரித்தார். "அடுத்த டெண்டரில் சேர்க்கலாம்" என்று கோப்பில் எழுதினேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. தொட்டிக்குக் கீழே குடியிருந்த இருபத்திரண்டு வயதுக் கலாசி ஒருவன் மூளை மலேரியாவில் இறந்தான். அந்தத் தொட்டிக் கொசுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று என்னாலும் இன்றுவரை சொல்லிக்கொள்ள முடியவில்லை. மூடி மறுவாரமே வந்தது.

இப்போதெல்லாம் அந்தப் பெண் வருமுன்பே சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அன்பர்களே, உங்கள் மாடித் தொட்டியை இன்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.