திரும்பிப் போகாத வெள்ளைக்காரப் பாட்டி

நாமக்கல்லில் பஸ் ஏறினால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பிறகு காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றலுக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கொல்லிமலை ஏறுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 1913-ம் வருடம் ஆகஸ்ட் மாதம், இதே மலையில் பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. சேந்தமங்கலத்தில் கல்யாணத்தை முடித்த கையோடு, கொட்டும் மழையில் ஒரு வெள்ளைக்கார ஜோடி மலையேறியது. மணப்பெண் கல்யாண உடுப்போடு நனைந்துகொண்டே போனார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஈவ்லின். மாப்பிள்ளை ஜெஸ்ஸி பிராண்ட்.

வெளிநாடுகளில் சர்ச் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து 'மிஷன் டிரிப்' போவது இப்போது சாதாரணம். விடுமுறையில் பணம் திரட்டி, ஏழை நாடு ஒன்றுக்குப் போய், பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்து, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். போகிற இடத்துக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வி அவர்களுக்குள்ளேயே எழுவதுண்டு. ஈவ்லின் காலத்தில் ரிட்டர்ன் டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. கப்பல் ஏறினால் ஆண்டுக்கணக்கு. சிலருக்கு ஆயுள் கணக்கு.

ஈவ்லின் ஹாரிஸ் 1879-ல் பிறந்தவர். லண்டனில் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் வசதியான குடும்பம். ஓவியம் படித்தவர். நல்ல உடை, நல்ல நட்பு என்று நகரத்துச் செல்லப்பெண்ணாக வளர்ந்தவர். அவருடைய சர்ச்சுக்குப் பேச வந்த இளைஞர்தான் ஜெஸ்ஸி. கட்டடத் தொழில் தெரிந்தவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரு வருடம் வெப்ப நாட்டு மருத்துவம் படித்துவிட்டு, 1907-ல் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் அன்றைய சேலம் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தார். சில வருடங்கள் கழித்து ஈவ்லினும் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெற்றோருக்கு மனசே இல்லை.

கொல்லிமலை என்றால் சமவெளிக்காரர்களுக்கு அன்று பயம். வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீஸ்வரர் கோயில் கொண்ட மலை என்ற பெருமையெல்லாம் இருந்தாலும், இரவு தங்கினால் காய்ச்சல் வந்து சாவு நிச்சயம் என்று கீழே இருந்தவர்கள் நம்பினார்கள். மலேரியாதான் காரணம். அப்படிப்பட்ட இடத்தில், வாழவந்தி நாட்டில், ஜெஸ்ஸி வீடு கட்டினார். மரச்சட்டங்களைக் கூலியாட்களின் தலையில் மலைமேல் ஏற்றி, கல்தூண்கள்மேல் நிறுத்திய மரவீடு. கரையான் ஏறாதபடி தூண்களுக்கும் மரத்துக்கும் நடுவே தகடுகளை வைத்திருந்தார். வாழ வந்தவர்களுக்கு வாழவந்தி நாடே வாய்த்தது!

ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. ஒரு வருடப் படிப்புதான். ஆனால் மலையில் வேறு ஆளே இல்லாததால் பல் பிடுங்குவது, கட்டி கீறுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது எல்லாமே அவர் வேலையானது. அதில் ஒரு நோயைக் கட்டாயம் சொல்லவேண்டும். நரம்புச் சிலந்தி.

இன்றைய தலைமுறைக்கு இந்தப் பெயரே தெரியாது. காலில் கொப்புளம் கிளம்பும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு எட்டிப் பார்க்கும். முழம் கணக்கில் நீளம். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து, உள்ளே தங்கியது சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்கவேண்டும். நாள்கணக்கில் ஆகும். படியிறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறுகளில்தான் வினையே. புழுவுள்ள காலோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால் புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த வருடம் அதே கொப்புளம்.

ஜெஸ்ஸி குச்சியில் புழு சுற்றியதோடு நிற்கவில்லை. யாரும் கால் வைத்து இறங்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்தார். அவருடைய கட்டடத் தொழில் அங்கே மருத்துவத்தைவிட அதிகம் உதவியது என்றே சொல்லலாம். இந்தியாவில் இந்த நோய் முற்றிலும் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000-ல்தான் சான்றளித்தது.

பள்ளிக்கூடம், பழத்தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு என்று வேலைகள் பெருகின. மருந்து வாங்க மக்கள் வந்தார்கள். மதம் மாற மட்டும் யாரும் வரவில்லை. ஆறு வருடம் ஓடியது, ஒருவர்கூட இல்லை. கோயில் பூசாரியே இவர்களை எதிர்த்தார். தன் மக்களையும் சாமியையும் காக்க நினைத்தவரின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது.

1918-ல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன காய்ச்சல் அது. மலையில் வீடு வீடாகச் சாவு. நோய் கண்டவர்களை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்களே ஓடினார்கள். பிராண்ட் தம்பதி அண்டா நிறைய அரிசிக்கஞ்சி காய்ச்சி, ஒவ்வொரு குடிசையாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். பூசாரியும் படுத்தார். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை ஒப்படைத்தது வேறு யாரிடமும் இல்லை, தான் எதிர்த்த அதே ஜெஸ்ஸியிடமும் ஈவ்லினிடமும்தான். அந்தப் பெண் குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது.

அவர்களுக்கும் இரண்டு குழந்தைகள். 1914-ல் பிறந்த பால், தங்கை கோனி. பால் வெறுங்காலோடு மலையில் திரிந்தான். அம்மா கொடுத்த கணக்கைப் பலா மரத்தில் ஏறி உட்கார்ந்து போட்டு, விடைத்தாளைக் கீழே போடுவான். ஒருமுறை பையன்கள் சேர்ந்து நெல்வயலில் தவளை பிடிக்கும் விளையாட்டில் சேற்றைக் கலக்கிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, கலங்கி வழிந்த சேற்றில் ஒரு கை அள்ளிக் காட்டி, இந்த மண் கீழே போனால் திரும்ப மேலே வராது, இதுதான் நமக்குச் சோறு என்று புரியவைத்தார். வயதான பிறகு மண்ணரிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது பாலுக்கு முதலில் நினைவு வந்தது அந்தத் தாத்தாதான்.

1923-ல் குடும்பம் இங்கிலாந்து போனது. பாலுக்கு ஒன்பது வயது, கோனிக்கு ஆறு. படிப்புக்காகப் பிள்ளைகளை அத்தைமார்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். அன்றைய வெள்ளைக்காரக் குடும்பங்களில் இது வழக்கம்தான். வழக்கம் என்பதால் வலிக்காமல் போகுமா? மலைப்பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிய தாய், தன் பிள்ளைகளைக் கடிதத்தில்தான் வளர்க்க முடிந்தது. வாராவாரம் எழுதினார்கள். பூச்சி, மரம், வானம், நட்சத்திரம் என்று பார்த்ததையெல்லாம் ஜெஸ்ஸி மகனுக்கு எழுதுவார்.

1929 ஜூன் 15. மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. லண்டனுக்குத் தந்தி போனது. கப்பல் தபாலோ வாரக்கணக்கில் பயணம் செய்யும். அதனால் அப்பா இறந்த செய்தி வந்த பிறகு, அப்பா எழுதிய கடிதம் பால் கைக்கு வந்தது. ஒன்பது வயதில் பிரிந்த அப்பாவை அவன் மறுபடி பார்க்கவே இல்லை.

கணவரை வாழவந்தி மண்ணில் புதைத்துவிட்டு இங்கிலாந்து போன ஈவ்லின் அங்கே தங்கவில்லை. திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தது. மனசு மட்டும் மலையில். 1947-ல், 68 வயதில், ஓய்வு பெறும்படி மிஷன் சொன்னது. கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு வருடம் நீட்டிப்பு வாங்கினார். அந்த வருடத்துக்குள் மலையில் சத்தமில்லாமல் ஒரு சின்ன வீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். வருடம் முடிந்து மிஷன்காரர்கள் வழியனுப்பினால், அவர் மூட்டை கட்டியது இங்கிலாந்துக்கு அல்ல, கொல்லிமலைக்கு! மிஷனுக்குத்தான் ஓய்வு கொடுத்தார், வேலைக்கு அல்ல.

அதன்பின் அவர் 'பாட்டி'. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை உட்பட ஐந்து மலைகளில் வேலை செய்யவேண்டும் என்பது அவரும் ஜெஸ்ஸியும் கண்ட கனவு. அதை எழுபது வயதுக்கு மேல் தனியாளாகத் தொடங்கினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போவார். விழுவார், எலும்பு முறியும், மறுபடி ஏறுவார். நடை தளர்ந்ததும் இரண்டு மூங்கில் கம்புகள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மகன் கீழே வந்துவிடும்படி மன்றாடினார். உபயோகப்படாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது என்பதுதான் பாட்டியின் பதில். கடைசி இருபது வருடம் வீட்டில் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. ஒருகாலத்தில் வண்ணம் குழைத்த ஓவியர் அவர்!

மகன் கதையையும் சொல்லவேண்டும். முதலில் அப்பா போலவே கட்டடத் தொழில் கற்ற பால், பிறகு லண்டனில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையால் மறுபடி இயங்க வைத்தார். விரல்கள் தொழுநோயில் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் கீறியும் தேய்கின்றன என்பதை உலகுக்கு விளக்கினார். வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றி, 1966-ல் அமெரிக்கா சென்றார். 2003-ல் காலமானார்.

பாட்டி 1974 டிசம்பரில், 95-வது வயதில் கண் மூடினார். சவப்பெட்டி வேண்டாம், அதற்காக மரத்தை வீணாக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். சாதாரணப் பருத்தித் துணி ஒன்றில் சுற்றி, மலைமக்களே அவரைக் குழிக்குள் இறக்கினார்கள். பக்கத்தில் 45 வருடங்களாக ஜெஸ்ஸி.