சிஸ்டருக்கும் மனசு களைக்கும்: செவிலியர்களுக்கும் உண்டு 14416

ராத்திரி 2 மணி. "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு!" என்று குரல் கொடுக்கிறீர்கள். அதே நிமிஷத்தில் வார்டில் இன்னும் நாலு பேர் அவரைக் கூப்பிடுகிறார்கள். புளியந்தோப்பிலிருந்து ஸ்டான்லிக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்வந்த எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். அந்த சிஸ்டரின் மனசு எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறோமா?

இது வெறும் அலுப்பா?

இல்லை. நாள்பட்ட பணி அழுத்தத்தால் வரும் 'பணிச்சோர்வை', வேலை சார்ந்த நிலையாக 2019-ல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியது. அதன் அடையாளங்கள் மூன்று: உடம்பிலும் மனசிலும் சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். கவனம் சிதறினால் மருந்தின் அளவு மாறலாம். ஆகவே இது நோயாளியின் பாதுகாப்பும்கூட.

நீங்கள் செவிலியரா?

• டூட்டி முடிந்ததும் கூட வேலை செய்பவரிடம் பத்து நிமிஷம் மனம்விட்டுப் பேசுங்கள்.
• நைட் டூட்டியின் கடைசி சில மணி நேரத்தில் டீ, காபி வேண்டாம். வீட்டில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள்.
• தூக்க மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.
• தூக்கமின்மை, அழுகை, 'வாழ்ந்து என்ன பயன்' என்ற நினைப்பு வந்தால் தள்ளிப்போடாமல் 14416-ஐ அழையுங்கள்.

14416 என்பது என்ன?

2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல சேவை. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் இயங்கும். 1800-891-4416 என்ற எண்ணிலும் பேசலாம். 2024 அக்டோபரில் செல்போன் செயலியும் வந்துவிட்டது. செவிலியர் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

ஹவுசிங் போர்டு வீடுகளில் பகல்தூக்கம் லேசுப்பட்டதல்ல. பக்கத்து வீட்டில் நைட் டூட்டி பார்ப்பவர் இருந்தால் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறையுங்கள். வார்டில் ஐந்து பேராகச் சூழ்ந்து கேட்காமல், ஒருவர் மட்டும் விவரம் கேளுங்கள். குறை இருந்தால் 104-ல் சொல்லுங்கள், கையை ஓங்காதீர்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு.

14416-ஐ இப்போதே உங்கள் செல்போனில் சேமித்து, தெரிந்த சிஸ்டர் ஒருவருக்கும் அனுப்புங்கள். நம் உயிரைப் பார்த்துக்கொள்பவரை நாமும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?