சாவி பெரியம்மாவிடமே இருக்கட்டும்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சித்தானந்தர் கோயிலுக்குப் பின்னால் பெரியம்மாவின் வீடு. பெரியப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் போன பிறகு பெரியம்மாவுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. 82 வயதில், இரண்டாவது முறை குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு அவரே சொன்னார்: "இனிமே தனியா முடியாது தம்பி. நல்ல எடமா பாரு." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்வரை நாங்கள் எந்த முதியோர் இல்லத்தையும் தேடவில்லை. தெளிவான மனத்தோடு இருக்கும் ஒருவரை, அவர் விருப்பத்துக்கு மாறாக இல்லத்தில் சேர்க்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கு எந்தச் சட்டமும் தரவில்லை.

முதலில் பார்த்த இல்லத்தில் ஆதார், பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாம் அசலாகவே தங்களிடம் இருக்கட்டும் என்றார்கள். பாதி நிரப்பாத படிவம் ஒன்றைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். பெரியம்மா பேனாவை வாங்கினார், மூடியைப் போட்டார், மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். நாங்களும் எழுந்தோம். நகல் கேட்பது நியாயம். அசலையும் ஏடிஎம் ரகசிய எண்ணையும் கேட்கும் இடத்தில் யாரையும் விடாதீர்கள்.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு முதியவரை உறவினர் தேடிப் போனபோது அவர் அங்கே இல்லை. பெங்களூருக்கு மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கும் ஆள் இல்லை. ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனபோது, உரிய உரிமம் இல்லாமலே அந்த இடம் நடந்துவந்தது தெரிந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடித்தார்கள், பாலியல் கொடுமை செய்தார்கள் என்ற புகார்கள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது.

ஆகவே, இல்லத்துக்கு எந்தத் துறையில் பதிவு, எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்து, அந்தச் சான்றைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். "எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வேறு இடத்துக்கு மாற்ற மாட்டோம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முன்பணம் எப்போது திரும்பும், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வரட்டும். கட்டணம் வாங்கும் இல்லம் சொன்னதைச் செய்யாவிட்டால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரவு ஏழு மணிக்கு மேல் ஒருமுறை சொல்லாமல் போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், மெத்தை ஈரமாக இருக்கிறதா என்பதெல்லாம் பகலில் தெரியாது.

பணத்துக்கு வருவோம். "பவர் எழுதி வாங்கியாச்சு, இனி கவலையில்லை" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் மறதி நோயால் மனத்தெளிவை இழந்துவிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவின்படி அந்தப் பவர் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக வாங்கி வைத்தார்களோ, அந்த நாளில் அது செல்லாது. அதன் பிறகு இல்லக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கக்கூட, காப்பாளராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம்வரை போக நேரலாம். பெரியவர் தெளிவாக இருக்கும்போதே, நம்பிக்கையான ஒருவரைச் சேமிப்புக் கணக்கில் கூட்டாகச் சேர்ப்பது நல்லது. பென்ஷன் கணக்குக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பேங்கில் கேட்டுச் செய்யுங்கள். நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினிக்கு வேலை இறந்த பிறகுதான்.

வீட்டை எழுதிக்கொடுத்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், "என் உணவு, மருத்துவம், இருப்பிடம் உள்ளிட்ட தேவைகளைக் கவனிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைத் தானப்பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதை மீறினால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-வது பிரிவில் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். சொத்தைத் திரும்ப ஒப்படைக்கும்படி அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தீர்ப்பாயமே உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதே சட்டத்தில், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு, உட்கோட்ட அளவிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் பெரியவரே மனுக் கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் சொல்லும் ஒருவர் கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையப்போகும் உறவினரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட வழியுண்டு. இல்லத்தில் சேர்ப்பது குற்றமில்லை. கைகழுவும் எண்ணத்தோடு விட்டுவிட்டு, போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு போவது குற்றம். 24-வது பிரிவில் மூன்று மாதம்வரை சிறை. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணை அழையுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

இப்போது பெரியம்மா வேறொரு இல்லத்தில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கப் போயிருக்கிறார். பிடிக்காவிட்டால் திரும்பி வருவார், ஆகவே வீட்டை வாடகைக்கு விடவில்லை. உயிரோடு இருக்கிறார் என்பதற்கான படிவம் பிரான்சிலிருந்து வருஷா வருஷம் பழைய விலாசத்துக்கே வரும். நேரத்தில் திருப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். தபாலை வாங்கி வைக்க எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறோம். சாவியை அவரிடம் கொடுக்கவில்லை. அதைப் பெரியம்மா முந்தானையில் முடிந்து எடுத்துப் போயிருக்கிறார்.