கைரேகை பதிந்த நாடும் புகலிடம் கேட்கும் நாடும்

ஐரோப்பாவில் புகலிடக் கோரிக்கை ஒன்று கையளிக்கப்பட்டதும் முதலில் பார்க்கப்படுவது, கோருபவருக்கு ஊரில் என்ன நடந்தது என்பதல்ல. அந்தக் கோரிக்கையை விசாரிக்கும் பொறுப்பு எந்த நாட்டுக்கு உரியது என்பதுதான். காணியை விற்றும் நகையை ஈடு வைத்தும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கேள்வி தெரியவருவது, பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்து, தன்னுடையது "டப்ளின் கேஸ்" என்று தொலைபேசியில் சொல்லும்போதே. அதற்குள் பணம் கைமாறியிருக்கும், கைரேகையும் பதிந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1990 ஜூன் 15 அன்று டப்ளின் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. அது 1997 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2003 இல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமாக மாற்றப்பட்டு, 2013 இல் மறுபடி திருத்தி எழுதப்பட்டது. ஒன்றியத்தில் சேராத சுவிற்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளும் இதற்குள் உள்ளன. சுவிஸ் 2008 டிசெம்பரில் இணைந்தது. ஒருவருடைய கோரிக்கையை ஒரே ஒரு நாடுதான் விசாரிக்கும், அந்த நாட்டைத் தெரிவுசெய்வது கோருபவர் அல்ல, சட்டத்தில் உள்ள வரிசையே என்பது இதன் அடிப்படை. அவரை அடையாளம் காண உதவுவது யூரோடக் எனப்படும் கைரேகைத் தரவுத்தளம். அது 2003 ஜனவரியிலிருந்து இயங்குகிறது.

வரிசையின் முதலிடம் குடும்பத்துக்கு. கணவன் அல்லது மனைவி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோர் வேறொரு நாட்டில் பாதுகாப்புப் பெற்றிருந்தால் அல்லது அங்கே வழக்கு நடந்துகொண்டிருந்தால், அந்த நாட்டுக்குக் கோரிக்கையை மாற்றக் கேட்கலாம். வன்னியில் பலரும் நம்பியிருக்கும் உறவுகள் இந்த வரைவிலக்கணத்துக்குள் வருவதில்லை. பாரிஸில் அண்ணன் இருக்கிறார், சூரிச்சில் மாமா இருக்கிறார் என்பது வளர்ந்த ஒருவருக்குப் பொதுவாக உதவாது. பெற்றோர் துணையின்றி வந்த சிறுவர்களுக்கு அண்ணன், அக்கா, மாமா, சித்தி ஆகியோரின் உறவு கணக்கில் எடுக்கப்படும். கடும் நோய், வலுவிழப்பு, கர்ப்பம், முதுமை காரணமாகப் பெற்றோரிலோ பிள்ளையிலோ உடன்பிறந்தவரிலோ தங்கி வாழ வேண்டியவர்களுக்கும் வழி உண்டு. அதை மருத்துவச் சான்றுடன் நிரூபிக்க வேண்டும்.

குடும்பத்துக்கு அடுத்து விசா, அதற்கு அடுத்து எல்லை. விசுவமடுவில் இருந்து ஒருவர் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஏஜென்சிக்காரர் அவருக்குப் போலந்து விசா எடுத்துக் கொடுக்கிறார். அவர் வார்சோவில் இறங்கி, பேருந்தில் பாரிஸ் போய், லா சப்பலில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, பிரான்ஸில் கேஸ் போடுகிறார். விசாவுக்குக் கொடுத்த கைரேகை விசாத் தரவுத்தளத்தில் இருக்கிறது. பிரான்ஸ் அதைப் பார்த்ததும் போலந்தைக் கேட்கும், போலந்தும் பொறுப்பேற்கும். இனி விசாவே இல்லாமல் பெலாரூஸ் காட்டுவழியாக லித்துவேனியாவுக்குள் நுழைந்து பிடிபட்டவரை எடுத்துக்கொண்டால், அவருடைய பத்து விரல்களும் அங்கேயே பதியப்படும். சட்டவிரோதமாக எல்லை கடந்ததற்கான அந்தப் பதிவு 2013 இன் சட்டப்படி 12 மாதங்களுக்கு அந்த நாட்டைப் பொறுப்பாளியாக்கும். அங்கே புகலிடமும் கேட்டிருந்தால், அல்லது கேட்டதாகப் பதியப்பட்டிருந்தால், 12 மாதக் கணக்கு பொருந்தாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலும் பொறுப்பு அங்கேயே. தடுப்பு முகாமில், விளங்காத மொழியில் நீட்டப்படும் படிவத்தில் ஒப்பமிடுமுன் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது ஏன் அவசியம் என்பது இதிலிருந்து புரியும். ருமேனியாவுக்கு வேலை விசாவில் போய் அங்கிருந்து இத்தாலிக்கோ பிரான்ஸுக்கோ தாண்டியவர்களுக்கும் இதே விதிதான்.

எல்லை நாடுகளுக்கு இது பெரும் சுமை. கடலாலும் காட்டாலும் வருவோர் முதலில் கால்வைப்பது கிரேக்கம், இத்தாலி, மோல்டா, ஸ்பெயின் போன்ற நாடுகளில். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் கடல்வழி வந்த 2015 இல், கிரேக்கத்திலும் இத்தாலியிலும் இருந்து 160,000 பேரை மற்ற நாடுகள் பகிர்ந்து ஏற்பதென ஒன்றியம் முடிவெடுத்தது. இறுதியில் மாற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். ஏற்க மறுத்த ஹங்கேரி, போலந்து, செக் குடியரசு ஆகிய மூன்றும் சட்டத்தை மீறின என்று ஒன்றிய நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது காலம் கடந்திருந்தது. இந்த இழுபறியின் விளைவுதான் 2024 மே மாதம் ஏற்கப்பட்டு 2026 நடுப்பகுதி முதல் பொருந்தும் புதிய உடன்பாடு. அதன்படி எந்த நாடும் பங்கெடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஆட்களை ஏற்பதற்குப் பதிலாக, ஏற்காத ஒவ்வொருவருக்கும் 20,000 யூரோ என்ற கணக்கில் பணமாகக் கொடுக்கலாம். புகலிடம் கோருபவருக்கு இதில் இறுக்கமே கூடியிருக்கிறது. சட்டவிரோத நுழைவால் வரும் பொறுப்பு 20 மாதங்களாகிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கைரேகையும் முகப்படமும்கூடப் பதியப்படும். முன்பு இந்த வயதெல்லை 14. பொறுப்பான நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போனவர் அங்கே உதவித்தொகையையும் தங்குமிடத்தையும் இழக்க நேரலாம்.

நாடுகள் தங்களுக்குள் சுமையைப் பங்கிட்டனவே தவிர, வருபவர் எங்கே உறவோடும் மொழியோடும் வாழ முடியும் என்று கேட்கவில்லை. கேட்டாலும் அமைப்பு உடைந்துவிடாது என்பதற்குச் சான்று உண்டு. 2022 மார்ச்சில் உக்ரைன் மக்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு வழங்கியபோது, எந்த நாட்டில் தங்குவது என்பதை அவர்களிடமே விட்டார்கள். நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாங்கள் தெரிவுசெய்த நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வன்னி எரிந்த 2009 இல் அப்படியொரு கதவு திறக்கப்படவில்லை.

பொறுப்பு வேறொரு நாட்டினுடையது என்பதற்காக ஒருவரை எங்கும் அனுப்பிவிடலாமா? இந்தக் கேள்வியை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் முன் முதன்முதலாகக் கொண்டுபோனவர்களில் ஓர் ஈழத்தமிழர் இருக்கிறார். ஜேர்மனியில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டபின் பிரித்தானியாவில் புகலிடம் கேட்ட அவரை, பிரித்தானியா டப்ளின் விதிப்படி ஜேர்மனிக்கு அனுப்ப முயன்றது. 2000 மார்ச் 7 அன்று நீதிமன்றம், ஜேர்மனியில் அவருக்குப் போதிய பாதுகாப்பு வழிகள் இருப்பதாகக் கூறி மனுவை ஏற்கவில்லை. அதே முடிவில், வேறொரு நாட்டின் ஊடாக ஒருவர் சித்திரவதைக்கு அனுப்பப்படாமல் பார்த்துக்கொள்ளும் கடமையிலிருந்து டப்ளின் ஏற்பாடு பிரித்தானியாவை விடுவிக்காது என்றும் சொன்னது. அந்த மனிதர் தோற்றார். அவர் கேட்டது நிலைத்தது. 2011 ஜனவரியில் ஓர் ஆப்கானியரைப் பெல்ஜியம் கிரேக்கத்துக்கு அனுப்பியது தவறென்று தீர்ப்பானதும், 2014 நவம்பரில் ஆப்கான் குடும்பமொன்றைப் பிள்ளைகளுக்கான உரிய உத்தரவாதம் பெறாமல் சுவிஸ் இத்தாலிக்கு அனுப்ப முடியாதென்று தீர்ப்பானதும் இதே வழியில்தான்.

டப்ளின் நடைமுறைக்குள் அகப்பட்டவருக்கு உள்ள உரிமைகள் இவை: நடப்பது என்ன என்பதைத் தமக்கு விளங்கும் மொழியில் அறிதல், மொழிபெயர்ப்பாளருடன் நேர்முக விசாரணை, எழுத்தில் முடிவு, மேன்முறையீடு. குடும்ப உறவு, நோய், முன்பு தங்கிய நாட்டில் அனுபவித்த தடுப்புக்காவல் அல்லது அடி உதை ஆகியவற்றை அந்த முதல் நேர்முகத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர் சொன்னால் ஏன் முதலில் சொல்லவில்லை என்ற கேள்வி எழும். மேன்முறையீட்டுக் காலம் மிகக் குறுகியது. சுவிஸில் 5 வேலை நாட்கள், ஜேர்மனியில் 1 வாரம் என்ற அளவிலேயே இருந்துவந்திருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே சட்ட ஆலோசகரிடம் போக வேண்டும். சுவிஸில் 2019 மார்ச் முதல் கூட்டாட்சி மையங்களில் இலவசச் சட்டப் பிரதிநிதி உண்டு.

பொறுப்பேற்ற நாட்டுக்கு ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால், அவர் இருக்கும் நாடே கோரிக்கையை விசாரிக்க வேண்டும். 2022 டிசெம்பரில் இத்தாலி டப்ளின் ஆட்களை ஏற்பதை நிறுத்தியபின் பலருக்கு இந்தக் காலம் தானாகவே கடந்தது. இதைக் கேள்விப்பட்டு, ஆறு மாதம் ஒளித்திருந்தால் போதும் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான ஆலோசனை. தலைமறைவானவருக்கு அந்த ஆறு மாதம் 18 மாதமாக நீளும். புதிய சட்டத்தில் மூன்று ஆண்டுகள் வரை. அதுவரை தங்குமிடமும் இல்லை, வைத்தியமும் அவசரத்துக்கு மட்டும்.

லண்டன் இந்தக் கணக்கில் இப்போது இல்லை. பிரித்தானியா 2020 முடிவுடன் டப்ளினிலிருந்து வெளியேறியது. ஆனாலும் சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர்களைத் திருப்பி அனுப்பப் பிரான்ஸுடன் 2025 இல் தனி ஏற்பாடு செய்துள்ளது.

பொறுப்பு எந்த நாட்டுக்குப் போனாலும், கடைசியில் வழக்கை வெல்ல வைப்பது ஊரில் நடந்ததற்கான சான்று. இங்கேதான் வன்னியில் இருக்கும் குடும்பம் செய்யக்கூடியது அதிகம். கிராம அலுவலரிடம் வாங்கும் "இவரை எனக்கு நன்கு தெரியும், நன்னடத்தை உள்ளவர்" என்ற கடிதம் விசாரணையில் பெரிதாக எதையும் நிரூபிக்காது. எந்தத் திகதியில் எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்தார், எந்த முகாமில் எந்த இலக்கத்தில் பதியப்பட்டார், வீட்டுக்கு யார் வந்து விசாரித்தார்கள் என்பவையே பயன்படும். செட்டிகுளம் மெனிக் பாமில் கொடுத்த அட்டை, புனர்வாழ்வு முடிந்து கொடுத்த சான்றிதழ், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தடுப்பில் பார்வையிட்டதற்கான அட்டை, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், காணாமற்போனோர் அலுவலகப் பதிவு, பயங்கரவாதத் தடைச்சட்ட வழக்கின் நீதிமன்றப் பதிவேடு, ஷெல் துண்டு எடுத்த வைத்தியசாலைக் குறிப்பு என்று ஒவ்வொன்றும் பெறுமதியானது. மூலப்பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, தெளிவாக ஸ்கான் செய்து அனுப்ப வேண்டும்.

திகதிகளில் பலர் விழுந்துபோகிறார்கள். கிளிநொச்சி 2009 ஜனவரி 2 அன்று இராணுவத்திடம் வீழ்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடியவருக்கு நாள் நினைவில்லாதது இயல்பு. விசாரணையாளருக்கு அது முரண்பாடாகத் தெரியும். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்வதே பாதுகாப்பு. யாரோ எழுதிக் கொடுத்த கதையைச் சொல்வதும், காசுக்கு வாங்கிய பொலிஸ் அழைப்பாணையைக் கொடுப்பதும் உண்மையான வழக்கையும் கெடுத்துவிடும். கொழும்பில் உள்ள தூதரகங்கள் ஊடாக ஆவணங்கள் சரிபார்க்கப்படுவதுண்டு.

நிராகரிக்கப்பட்டவரைத் திருப்பி எடுப்பதற்கு இலங்கை ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தம் 2005 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. இத்தாலி 2024 ஒக்டோபரில் வெளியிட்ட பாதுகாப்பான நாடுகளின் பட்டியலிலும் இலங்கை இருக்கிறது; அங்கே இலங்கையரின் கோரிக்கை துரித நடைமுறையில் பார்க்கப்படும். ஆயினும் பொதுப்பட்டியல் தனியொருவரின் ஆபத்தை இல்லாமல் செய்துவிடாது. 2013 ஆகஸ்டில் சுவிஸிலிருந்து குடும்பத்துடன் நாடு கடத்தப்பட்ட தமிழர் ஒருவர் இலங்கையில் தடுத்துவைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார். சுவிஸ் திருப்பி அனுப்புவதை அப்போது நிறுத்தியது. அவருடைய வழக்கில் 2017 ஜனவரி 26 அன்று மனித உரிமைகள் நீதிமன்றம், ஆபத்தைச் சரிவர ஆராயாமல் அனுப்பிய சுவிஸ் சித்திரவதைத் தடையை மீறியது என்று தீர்ப்பளித்தது. நாடு கடத்தும் கட்டளை கிடைத்தவரின் சட்டத்தரணி இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம்.

புறப்படாதவர்கள் கவனிக்க வேண்டியது முகவரை. ஐரோப்பா என்று சொல்லி ரஷ்யாவுக்குக் கூட்டிப்போய், அங்கே போர்முனைக்கு அனுப்பப்பட்ட வடக்கு இளைஞர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அப்பால் மூழ்கும் நிலையில் மீட்கப்பட்ட கப்பலில் முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர் இருந்தனர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட இடம் கனடா. வேலை என்று சொல்லி அனுப்புபவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதை 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தோ, பிரதேச செயலகத்தில் உள்ள பணியக உத்தியோகத்தரிடமோ கேட்டு உறுதிசெய்யலாம். காணி உறுதியை முகவரின் பெயருக்கு எழுதிக் கொடுப்பதும், பற்றுச்சீட்டு இல்லாமல் உண்டியலில் பணம் அனுப்புவதும் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கக் கடினமானவை. ஏமாற்றப்பட்டவர் வங்கிச் சீட்டு, குரல் பதிவு, குறுஞ்செய்தி எதையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அனுப்பப்பட்டவர் சட்டவிரோதமாகப் போனார் என்ற பயத்தில் பெற்றோர் முறைப்பாட்டைத் தவிர்ப்பது முகவருக்கு மட்டுமே உதவும்.

வழியில் தொடர்பு அறுந்துபோனவரைத் தேட இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் தொலைந்தவர்களைத் தேடுவோரின் புகைப்படங்களைச் செஞ்சிலுவை அமைப்புகள் பொதுவில் காட்சிப்படுத்தும் ஏற்பாடும் இருக்கிறது. இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. கொடுக்கும் விபரம் விண்ணப்பித்தவரின் சம்மதமின்றி எந்த அரசுக்கும் போகாது.